லினர்ட் ஸ்கினர்ட்: ஒரு பெயரும் ஒரு விபத்தும் - அமெரிக்கத் தென்மாநில ராக் குழுவின் அரை நூற்றாண்டு வரலாறு

கிட்டார் கலைஞர் கேரி ராஸிங்டன் 2023 மார்ச் 5-ஆம் தேதி தமது 71-ஆவது வயதில் காலமானார். லினர்ட் ஸ்கினர்ட் இசைக்குழுவைத் தொடங்கியவர்களில் உயிருடன் இருந்தவர் அவர் ஒருவரே. நிறுவியவர்கள் எவரும் இல்லாத நிலையிலும் குழு கலைந்துவிடவில்லை. அதே பெயரில், அதே பாடல்களுடன் இன்றும் மேடையேறி வருகிறது. அந்தப் பெயரை யார் பயன்படுத்தலாம், எந்த நிபந்தனையுடன் பயன்படுத்தலாம் என்ற கேள்வி 1977-ஆம் ஆண்டின் விமான விபத்து முதல் அக்குழுவைத் தொடர்ந்து வந்துள்ளது. நீதிமன்றம் வரையிலும் சென்றுள்ளது.

'சதர்ன் ராக்' என்று அழைக்கப்படும் இசைவகை அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் 1960-களின் இறுதியில் உருப்பெற்றது. கறுப்பின மக்களின் புளூஸ், வெள்ளையின உழைக்கும் மக்களின் கன்ட்ரி இசை, தேவாலயங்களின் காஸ்பெல் ஆகிய மூன்றும் மின்கிட்டாரின் ஓசையில் கலந்தன. இதற்கு வழி அமைத்தது 1969-இல் ஜாக்சன்வில் நகரில் உருவாகி, ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரிலிருந்து இயங்கிய ஆல்மன் பிரதர்ஸ் குழு. அதே ஜாக்சன்வில் நகரிலிருந்து புறப்பட்டு, இவ்விசையைச் சாலையோர மதுக்கூடங்களிலிருந்து பெரும் விளையாட்டரங்குகளுக்குக் கொண்டு சென்றது லினர்ட் ஸ்கினர்ட்.

பந்தடியில் தொடங்கிய நட்பு

1964-ஆம் ஆண்டு கோடைக்காலம். ஜாக்சன்வில் நகரில் ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் ரானி வான் ஸான்ட் என்ற இளைஞர் அடித்த பந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாப் பர்ன்ஸ் என்ற சிறுவனைத் தாக்கியது. பர்ன்ஸ் டிரம்ஸ் வாசிப்பவர். அவருடன் இருந்த ராஸிங்டன் கிட்டார் கற்றுவந்தார். அன்று பிற்பகலிலேயே மூவரும் பர்ன்ஸ் வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் கருவிகளை வைத்துக்கொண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாடல் ஒன்றை வாசித்துப் பார்த்தனர் என்பது குழுவினர் பலமுறை சொல்லிவந்த கதை. கிட்டார் வாசிக்கும் ஆலன் காலின்ஸும், பேஸ் கிட்டார் வாசிக்கும் லேரி ஜன்ஸ்ட்ரமும் விரைவில் சேர்ந்தனர்.

ரானியின் தந்தை சரக்கு லாரி ஓட்டுநர். நகரின் மேற்குப் புறத்தில், தொழிலாளர் குடும்பங்கள் வாழும் பகுதியில் வளர்ந்தவர் ரானி. குழுவில் மூத்தவர் அவரே. குழுவின் சட்டமும் அவரே. பாடல் வரிகளை அவர் காகிதத்தில் எழுதுவதில்லை. மனத்திலேயே கட்டி மனத்திலேயே வைத்திருப்பார். மேடையில் பெரும்பாலும் காலணி இன்றி வெறுங்காலுடன் நின்று பாடுவார்.

குழு பல பெயர்களை மாற்றியது. ஒரு கட்டத்தில் 'ஒன் பெர்சன்ட்' என்றும் அழைக்கப்பட்டது. இப்போதைய பெயர் வந்தது ஓர் ஆசிரியரைக் கேலி செய்யும் நோக்கில். அவர்கள் படித்த ராபர்ட் இ. லீ உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் லெனர்ட் ஸ்கின்னர், மாணவர்கள் நீண்ட முடி வளர்க்கக் கூடாது என்ற பள்ளி விதியைக் கண்டிப்புடன் செயல்படுத்தியவர். அவருடைய பெயரைச் சற்றுச் சிதைத்து, உயிரெழுத்துகள் எல்லாவற்றுக்கும் பதிலாக ஆங்கிலத்தின் 'ஒய்' எழுத்தை இட்டுக் குழுவின் பெயராக்கினர். தமிழில் எழுதும்போது இந்த விளையாட்டு மறைந்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ, பார்த்தவுடன் எப்படி உச்சரிப்பது என்று திகைக்க வைக்கும் எழுத்துக்கூட்டல் அது. ஆகவேதான் 1973-இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்புக்கு, குழுவின் பெயரை உச்சரிக்கும் முறையையே தலைப்பாக வைத்தனர். ஆசிரியர் ஸ்கின்னர் பிற்காலத்தில் குழுவினருடன் நட்புப் பாராட்டினார், 2010-இல் மறைந்தார். உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைகளுக்குத் தலைமை தாங்கிய தளபதியின் பெயரைத் தாங்கியிருந்த அப்பள்ளி, 2021-இல் ரிவர்சைட் உயர்நிலைப் பள்ளி எனப் பெயர் மாற்றப்பட்டது.

'நரக வீடு'

ஜாக்சன்வில் நகருக்குத் தெற்கே, கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் அருகே ஓர் ஓடைக்கரையில் தகரக் கூரை வேய்ந்த சிறிய பண்ணைவீட்டைக் குழுவினர் வாடகைக்கு எடுத்தனர். குளிர்சாதன வசதி கிடையாது. புளோரிடாவின் கோடை வெப்பத்தில், காலை முதல் இரவு வரை அங்கே பயிற்சி நடந்தது. அந்த வீட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹெல் ஹவுஸ்', அதாவது நரக வீடு.

அக்குழுவின் இசையைப் புரிந்துகொள்ள இந்தப் பயிற்சி முறையை அறிவது அவசியம். ஆல்மன் பிரதர்ஸ் குழுவினர் மேடையில் அந்தந்த நேரத்துக் கற்பனைக்கு ஏற்ப இசையை விரித்துச் செல்வார்கள்; ஒரே பாடல் ஓர் இரவில் வாசித்ததுபோல் மறு இரவில் இராது. ஸ்கினர்ட் குழுவினர் அதற்கு நேர்மாறானவர்கள். கிட்டார் தனி வாசிப்புகள்கூட முன்கூட்டியே அமைக்கப்பட்டு, சுரம் மாறாமல் ஒவ்வொரு மேடையிலும் வாசிக்கப்பட்டன. மூன்று கிட்டார்கள் ஒன்றோடொன்று முட்டாமல், ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று எடுத்துச் செல்லும் அவர்களது பாணி, நரக வீட்டின் ஒழுங்கில் விளைந்தது.

1971, 1972-ஆம் ஆண்டுகளில் அலபாமா மாநிலத்தின் மஸில் ஷோல்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்கள் சில பாடல்களைப் பதிவு செய்தனர். எந்த நிறுவனமும் அவற்றை வெளியிட முன்வரவில்லை. இக்காலத்தில்தான் பில்லி பவல் குழுவில் சேர்ந்தார். கருவிகளைச் சுமந்து செல்லும் உதவியாளராக இருந்த பவல், ஒரு பள்ளி விழாவில் 'ஃப்ரீ பேர்ட்' பாடலுக்குத் தாமாகவே அமைத்திருந்த பியானோ முன்னிசையை வாசித்துக் காட்டினார். அதுவரை அவருக்குப் பியானோ தெரியும் என்பதே ரானிக்குத் தெரியாது. அன்று முதல் அவர் குழுவின் கலைஞர் ஆனார்.

பாப் டிலனுடன் வாசித்துப் புகழ்பெற்ற ஆல் கூப்பர், அட்லாண்டா நகரின் ஒரு மதுக்கூடத்தில் இக்குழுவைக் கேட்டு, எம்சிஏ நிறுவனத்தின் துணையுடன் தாம் தொடங்கிய 'சவுண்ட்ஸ் ஆஃப் த சவுத்' நிறுவனத்துக்கு ஒப்பந்தம் செய்தார். ஒப்பந்தத் தொகை 9,000 டாலர். முதல் தொகுப்பு 1973 ஆகஸ்டில் வெளியானது. அதே ஆண்டில் பிரிட்டனின் 'த ஹூ' குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் முன்னணி நிகழ்ச்சிக்கு முந்தைய நிகழ்ச்சி வழங்கும் வாய்ப்பு கிடைத்தது. சிறு கூடங்களில் வாசித்துப் பழகியவர்கள் பல்லாயிரம் பேர் முன் நின்றனர்.

ஒன்பது நிமிடங்களுக்கும் மேல் நீளும் 'ஃப்ரீ பேர்ட்' மெதுவான காதல் பாடலாகத் தொடங்கி, பாதி கடந்ததும் கிட்டார்களின் நீண்ட ஓட்டமாக மாறுகிறது. இவ்வளவு நீளமான பாடல் வானொலிக்கு ஏற்றதல்ல என்பது அக்காலக் கணிப்பு. சுருக்கி வெளியிடப்பட்ட வடிவம் 1975 தொடக்கத்தில் பில்போர்டு தரவரிசையில் 19-ஆம் இடம் பெற்றது. 1971-இல் விபத்தில் இறந்த கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மனுக்கு இப்பாடலை மேடையில் அர்ப்பணிப்பது ரானியின் வழக்கம். எந்தக் குழுவின் நிகழ்ச்சியானாலும் கூட்டத்திலிருந்து ஒருவர் இப்பாடலின் பெயரைக் கூவி விருப்பம் தெரிவிப்பது அமெரிக்காவில் ஒரு நகைச்சுவை மரபாகவே நிலைத்துவிட்டது.

ஒரு பாடலும் ஓயாத விவாதமும்

1974-இல் வெளிவந்த 'ஸ்வீட் ஹோம் அலபாமா' பில்போர்டு தரவரிசையில் 8-ஆம் இடத்தை எட்டியது. அதனை எழுதிய மூவரில் ஒருவர்கூட அலபாமாவைச் சேர்ந்தவர் அல்லர். ரானியும் ராஸிங்டனும் புளோரிடாவினர். எட் கிங் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவர்.

கனடாவைச் சேர்ந்த பாடகர் நீல் யங் தமது 'சதர்ன் மேன்' (1970), 'அலபாமா' (1972) ஆகிய பாடல்களில் தென்மாநில வெள்ளையரின் இனவெறியைக் கடுமையாகச் சாடியிருந்தார். சிலரது குற்றத்துக்காக ஒரு நிலப்பகுதி முழுவதையும் குறை கூறுவதா என்பது ரானி தரப்பின் பதில்; பாடலில் யங்கின் பெயரைச் சொல்லியே அதனைப் பாடினார். இதனால் இருவருக்கும் பகை என்று பலர் கருதினர். உண்மையில் ரானி, யங்கின் ரசிகர். யங்கின் உருவம் பதித்த சட்டையுடன் மேடையேறியவர். யங்கும் 2012-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில், தமது 'அலபாமா' பாடல் குற்றம் சாட்டும் தொனியில் அமைந்துவிட்டது என்றும், அதற்குக் கிடைத்த பதிலடி தகுதியானதே என்றும் ஏற்றுக்கொண்டார்.

எனினும், விவாதத்தின் கடினமான பகுதி யங்கைப் பற்றியது அன்று. பாடல் அலபாமாவின் ஆளுநரைக் குறிப்பிடுகிறது. அப்போது ஆளுநராக இருந்தவர் ஜார்ஜ் வாலஸ். 1963-இல் தமது பதவியேற்பு உரையில் இனப் பிரிவினையை என்றென்றும் காப்பதாகச் சூளுரைத்தவர். அதே ஆண்டு செப்டம்பரில் பர்மிங்காம் நகரின் தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு கறுப்பினச் சிறுமியரைக் கொன்றது. அந்நகரின் பெயரும் ஆளுநரும் அடுத்தடுத்து வரும் இடத்தில் பின்னணிக் குரல்கள் எழுப்பும் ஒலி, ஆளுநருக்கு எதிரான கண்டனமே என்று குழுவினர் விளக்கினர். கேட்போரில் பெரும்பாலானோர் அதனைக் கவனிப்பதே இல்லை. பாடலின் பொருள் இரு பக்கமும் சாயக்கூடியதாகவே அமைந்திருக்கிறது. அதன் நீடித்த வெற்றிக்கும் அதன் மீதான ஐயத்துக்கும் காரணம் அதுவே எனலாம்.

அந்தப் பின்னணிக் குரல்களுக்கு உரியோரில் இருவர் கறுப்பினப் பாடகியர்: மெரி கிளேட்டன், கிளைடி கிங். அலபாமாவைப் புகழும் பாடலைப் பாடத் தாம் முதலில் மறுத்ததாகவும், கணவர் வற்புறுத்தியதன் பேரிலேயே சம்மதித்ததாகவும் கிளேட்டன் பின்னாளில் கூறியுள்ளார். பாடும் செயலையே தமது எதிர்ப்பாக மாற்றிக்கொண்டதாக அவர் விளக்கினார்.

இதே தொகுப்பில்தான், ஊர் மக்களால் மதிக்கப்படாத ஒரு முதிய கறுப்பினக் கிட்டார் கலைஞரைப் போற்றும் 'த பேலட் ஆஃப் கர்ட்டிஸ் லோ' பாடலும் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு வந்த 'சாட்டர்டே நைட் ஸ்பெஷல்' மலிவுக் கைத்துப்பாக்கிகளுக்கு எதிரான பாடல். ஆனால், குழுவின் மேடைப் பின்னணியில் விரிந்திருந்ததோ தென்மாநிலக் கூட்டமைப்பின் போர்க்கொடி. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையின் சின்னம். விளம்பரத்துக்காக இசை நிறுவனம் தொடங்கிவைத்த ஏற்பாடு அது என்று குழுவினர் கூறிவந்தனர். அக்கொடியைக் கைவிடுவதாக 2012-இல் ராஸிங்டன் தெரிவித்தபோது ரசிகர்களில் ஒரு பிரிவினர் கொதித்தெழுந்தனர். அதனால் குழுவின் நிலைப்பாட்டைத் தளர்த்தி அவர் மறுவிளக்கம் அளிக்க நேர்ந்தது.

எரிபொருள் தீர்ந்த விமானம்

ஓய்வற்ற பயணமும் மதுவும் குழுவைத் தின்றன. 1974-ஆம் ஆண்டின் இறுதியையொட்டி பர்ன்ஸ் விலகினார். முன்னாள் கடற்படைத் தரைவீரரான ஆர்ட்டிமஸ் பைல் டிரம்ஸ் வாசிக்க வந்தார். 1975-இல் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே எட் கிங் வெளியேறினார். மறு ஆண்டு, குழுவின் பின்னணிப் பாடகி கேஸி கெய்ன்ஸ் தம் இளைய சகோதரர் ஸ்டீவ் கெய்ன்ஸைப் பரிந்துரைத்தார். ஸ்டீவின் வரவு குழுவுக்குப் புத்துயிர் அளித்தது. 1976 ஜூலையில் அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டரில் பதிவான மேடைத் தொகுப்பு பெரும் வெற்றி பெற்றது. இடிக்கப்படவிருந்த அந்தப் பழைமையான அரங்கைக் காப்பாற்றும் முயற்சிக்கு அந்நிகழ்ச்சிகள் துணை நின்றன. அதே ஆண்டில் ராஸிங்டன் போதையில் கார் ஓட்டி மரத்தில் மோதினார். சினமுற்ற ரானி அதனை வைத்தே, மரணத்தின் வாடையை எச்சரிக்கும் 'தட் ஸ்மெல்' பாடலை எழுதினார்.

அப்பாடல் இடம்பெற்ற 'ஸ்ட்ரீட் சர்வைவர்ஸ்' 1977 அக்டோபர் 17-ஆம் தேதி வெளியானது. அட்டைப்படத்தில் குழுவினர் தீச்சுவாலைகளுக்கு நடுவே நின்றிருந்தனர்.

மூன்று நாள் கழித்து, அக்டோபர் 20-ஆம் தேதி, தென் கரோலைனாவின் கிரீன்வில் நகரிலிருந்து லூயிசியானாவின் பேட்டன் ரூஜ் நோக்கிக் குழுவின் வாடகை விமானம் புறப்பட்டது. இரட்டை என்ஜின் கொண்ட கான்வேர் 240 வகை விமானம், 1940-களில் தயாரானது. அதே ஆண்டு ஏரோஸ்மித் இசைக்குழுவின் விமானப் பொறுப்பாளர்கள் அவ்விமானத்தையும் விமானிகளையும் ஆய்வு செய்து, தங்கள் தரத்துக்கு உகந்ததல்ல என நிராகரித்திருந்தனர். முந்தைய பயணம் ஒன்றில் வலது என்ஜினிலிருந்து தீப்பிழம்பு வெளிப்பட்டதைப் பயணிகள் பார்த்திருந்தனர். கேஸி கெய்ன்ஸ் அதில் ஏறவே அஞ்சினார் என்று உயிர் தப்பியவர்கள் கூறியுள்ளனர்.

மாலை நேரம். மிசிசிப்பி வான்பரப்பில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதை விமானிகள் உணர்ந்து, மெக்கோம்ப் விமான நிலையத்துக்குத் திரும்ப முயன்றனர். இரு என்ஜின்களும் அடங்கின. கில்ஸ்பர்க் அருகே சதுப்புக்காட்டின் மரங்களுக்குள் விமானம் விழுந்தது. விமானத்தில் இருந்த 26 பேரில் ஆறு பேர் உயிரிழந்தனர்: 29 வயது ரானி வான் ஸான்ட், ஸ்டீவ் கெய்ன்ஸ், கேஸி கெய்ன்ஸ், சுற்றுப்பயண உதவி மேலாளர் டீன் கில்பாட்ரிக், இரு விமானிகள். எரிபொருளே இல்லாததால் விழுந்த விமானம் தீப்பற்றவில்லை. இருபது பேர் பிழைத்ததற்கு அதுவும் காரணமாகக் கருதப்படுகிறது. விலா எலும்புகள் முறிந்த நிலையில் ஆர்ட்டிமஸ் பைல் இருளில் நடந்து ஒரு பண்ணைவீட்டை அடைந்து உதவி கேட்டார். சுற்றுவட்டார விவசாயிகளும் அண்டை வீட்டாரும் சேற்றில் இறங்கிக் காயமுற்றோரைச் சுமந்து வந்தனர்.

விமானிகள் எரிபொருள் அளவைக் கவனிக்கத் தவறியதே விபத்துக்குக் காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. பயணத் திட்டமிடல் போதாமையும், வழக்கத்தைவிட அதிக எரிபொருளை உறிஞ்சிய வலது என்ஜினின் கோளாறும் துணைக் காரணங்கள். அக்கோளாறு எத்தகையது என்பதைப் புலனாய்வால் தீர்மானிக்க முடியவில்லை. பிற்காலக் கதைகள் பலவற்றில் இவ்விபத்து விதியின் விளையாட்டாகச் சித்திரிக்கப்படுகிறது. அறிக்கையைப் படித்தால், தடுக்கக்கூடிய விபத்து என்பதே தெளிவாகிறது.

ஸ்டீவ் கெய்ன்ஸின் மனைவி தெரசா கேட்டுக்கொண்டதற்கு இணங்க, தீச்சுவாலை அட்டைப்படம் மாற்றப்பட்டது. தொகுப்பு தரவரிசையில் 5-ஆம் இடத்தைப் பிடித்தது.

பெயருக்காக ஒரு வழக்கு

விபத்துக்குப் பின், ஸ்கினர்ட் என்ற பெயரை இனி யாரும் வணிகத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று உயிர் பிழைத்தோரும் ரானியின் மனைவி ஜூடித்தும் தமக்குள் உறுதி செய்துகொண்டனர். 'இரத்த உறுதிமொழி' என அது பின்னர் அழைக்கப்பட்டது. ராஸிங்டனும் காலின்ஸும் சில ஆண்டுகள் தங்கள் பெயரிலேயே ஒரு குழுவை நடத்தினர். 1986-இல் காலின்ஸ் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி அவருடைய தோழி இறந்தார். காலின்ஸுக்கு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தது. மேடைதோறும் தோன்றி, தம்மால் ஏன் வாசிக்க இயலவில்லை என்பதை ரசிகர்களுக்குச் சொல்வது அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையின் ஒரு பகுதி. 1990-இல் தமது 37-ஆவது வயதில் அவர் காலமானார்.

1987-இல், விபத்தின் பத்தாம் ஆண்டு நினைவாக, ரானியின் இளைய சகோதரர் ஜானி வான் ஸான்ட் பாட, குழு மீண்டும் கூடியது. 'ஃப்ரீ பேர்ட்' பாடலை மட்டும் ஜானி தொடக்கத்தில் பாட மறுத்தார். அண்ணனின் தொப்பி மாட்டப்பட்ட ஒலிவாங்கி மேடை நடுவே தனித்து நிற்க, குழுவினர் இசையை மட்டும் வாசித்தனர். பாடியது அரங்கில் இருந்த மக்கள்.

உறுதிமொழி மீறப்பட்டதாக ஜூடித் வழக்குத் தொடர்ந்தார். 1988-இல் இரு தரப்பும் ஏற்ற நீதிமன்ற ஆணை, பெயரை எந்த நிபந்தனையில், விபத்துக்கு முந்தைய உறுப்பினர்கள் எத்தனை பேருடன் பயன்படுத்தலாம் என்பதை வரையறுத்தது. ஆண்டுகள் செல்லச்செல்ல அந்த எண்ணிக்கையை நிரப்புவதே அரிதாகிவந்தது. பேஸ் கிட்டார் கலைஞர் லியான் வில்க்கசன் 2001-லும், பில்லி பவல் 2009-லும் மறைந்தனர்.

அதே ஆணை 2017-இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. விபத்தைப் பற்றி ஆர்ட்டிமஸ் பைல் பங்கேற்புடன் உருவான திரைப்படத்தை வெளியிட நியூயார்க் நீதிமன்றம் தடை விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 அக்டோபரில் அத்தடையை நீக்கியது. ஆணையின் விதிகள் தமக்குள் முரண்படுவதாகவும், ஒருவர் தம் வாழ்வில் நேர்ந்ததைச் சொல்வதைத் தடுக்கும் அளவுக்கு அவை தெளிவானவை அல்ல என்றும் நீதிபதிகள் கருதினர். படம் 2020-இல் வெளியானது.

2006-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழு சேர்க்கப்பட்டது. அலபாமா மாநிலம் 2009-இல் தனது வாகனப் பதிவு எண் பலகைகளில் அப்பாடலின் தலைப்பைப் பொறித்தது. விமானம் விழுந்த இடத்துக்கு அருகே 2019 அக்டோபரில் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. 2018-இல் தொடங்கிய பயணம் விடைபெறும் பயணமாகவே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் ராஸிங்டன் மறைவுக்குப் பின், 2023 கோடையில் டெக்சாஸின் இஸட்இஸட் டாப் குழுவுடன் இணைந்து ஸ்கினர்ட் மீண்டும் சுற்றுப்பயணம் மேற்கொண்டது.

ஜானி வான் ஸான்ட்டும், 1970-களின் தொடக்கத்தில் இக்குழுவில் டிரம்ஸ் வாசித்துப் பின்னர் 1996-இல் கிட்டார் கலைஞராகத் திரும்பிய ரிக்கி மெட்லாக்கும் இப்போது குழுவை நடத்துகின்றனர். ராஸிங்டன் வாசித்த பகுதிகளை மேடையில் வாசிப்பவர், அலபாமாவின் பர்மிங்காம் நகரில் உருவான பிரதர் கேன் குழுவைச் சேர்ந்த டேமன் ஜான்சன்.